சிறுசெலவில் பிரிட்ஜ்டவுண்

மேற்கிந்திய தீவுகளின் கிழக்குக் கோடியில், மற்றைத் தீவுகளின் வரிசையினின்றும் விலகி அத்திலாந்திக் சமுத்திரத்தில் தனித்து நிற்பது பார்படோஸ் தீவு. அதன் நீளம் 21 மைல். அகலம் 14 மைல். இச்சிறு தீவின் தலைநகரமாகிய பிரிட்ஜ்டவுண் துறைமுகத்துக்கு, மார்கழி தொடங்கிச் சித்திரை வரையுள்ள மாதங்களில், ஆயிரக்கணக்கான உல்லாசப் பிரயாணிகளைச் சுமந்துகொண்டு பெருங்கப்பல்கள் வந்து சேர்கின்றன. காலையில் வரும் கப்பல் பெரும்பாலும் மாலையிலே புறப்பட்டுவிடும். ஆகவே கரையில் இறங்குபவனுடைய கையில் இருப்பது எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தைச் சிறு பணத்துடன் எங்ஙனம் கழிக்கலாம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பணம் குறைந்தவன் குறைவாகவே பார்ப்பான் என்று நாம் எண்ணுவது இயல்பு. பிரிட்ஜ்டவுணைப் பொறுத்தவரையில் இது முற்றிலும் பொருந்தாது. நிறையப் பணம் கொடுத்துக் கப்பலிலேயே சுற்றுலாச் சீட்டு வாங்கியவனை, துறைமுக வாயிலிற் காத்திருக்கும் குளிரூட்டிய பஸ் வண்டி ஏற்றிக்கொண்டு, நகரத்தை ஒரு கண்வீச்சிற் கடந்து, குகைக்கோ கடற்கரை விடுதிக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. காசை எண்ணிச் செலவிடுபவனோ நடக்கின்றான். நடப்பவனுக்குத்தான் இந்த நகரம் வாய் திறக்கின்றது.

கப்பலிற் சீட்டு ஏன் விலை கூடியது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் நன்று. கப்பற் கம்பனி தானே சுற்றுலாவை நடத்துவதில்லை. தீவிலுள்ள வண்டிக்காரரிடமும் வழிகாட்டிகளிடமும் ஒரு விலை பேசி, அதன் மீது தன் பங்கையும் ஏற்றிப் பிரயாணிக்கு விற்கின்றது. அதே வண்டி, அதே குகை, அதே வழிகாட்டி. துறைமுக வாயிலுக்கு வெளியே வந்து பேசினால் விலை குறையும். ஆயினும் கப்பற் கம்பனி பணத்தைச் சும்மா வாங்குகின்றது என்று சொல்வது நியாயமாகாது. தன் சீட்டில் வெளியே சென்றவர்கள் வழியில் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தானாகப் போனவன் பிந்தினால் காத்திருக்காது. கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்த உறுதிக்கு விலையாகும். இருபது மைல் தொலைவிலுள்ள இடத்துக்குப் போகிறவன் அதை வாங்கிக்கொள்வதிற் பிழையில்லை. ஒரு மைல் தூரத்திலுள்ள நகரத்தைப் பார்ப்பதற்கு அது வேண்டியதே இல்லை.

துறைமுகத்திலிருந்து நகரின் நடுவுக்கு ஏறக்குறைய ஒரு மைல் நடை. இப்போதுள்ள ஆழ்கடற் துறைமுகம் 1961ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதற்கு முன் கப்பல்கள் கார்லைல் குடாவில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சீனி மூடைகளும் படகுகளிலேயே கரைக்கும் கப்பலுக்குமாகச் சென்று வந்தன. புதிய துறைமுகத்தைக் கட்டியபோது கடலைத் தூர்த்து, பெலிக்கன் என்ற சிறு தீவையும் நிலத்துடன் சேர்த்துவிட்டார்கள். அத்தீவின் பெயர் வழியிலுள்ள கைப்பணிக் கடைகளின் தொகுதிக்கு இன்னும் வழங்குகின்றது. சற்று அப்பால் மீன்பிடித் துறையும் மீன் சந்தையும் உள்ளன. 2024ஆம் ஆண்டு ஆடி மாதத் தொடக்கத்தில் ‘பெறில்’ என்ற சூறாவளி தீவுக்குத் தெற்கே கடந்து சென்றபோது எழுந்த அலைகள், இத்துறையில் ஒதுங்கி நின்ற மீன்பிடிப் படகுகளை ஒன்றோடொன்று மோதி நொறுக்கிவிட்டன. பறவை மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் பட்ட அடியைப் பஸ் வண்டியின் சாளரத்தால் அறிய முடியாது. மீன் வெட்டும் பெண்களில் ஒருவரிடம் இரண்டு நிமிடம் நின்று பேசினால் அறியலாம்.

நகரத்துக்குள் நுழைந்தவுடன் நாம் கவனிக்க வேண்டியது தெருக்களின் போக்கு. ஸ்பானியர் கட்டிய கரிபியன் நகரங்களில் தெருக்கள் சதுரங்கப் பலகைபோல் நேராக வெட்டிச் செல்லும். பிரிட்ஜ்டவுணை 1628ஆம் ஆண்டில் தொடங்கிய ஆங்கிலேயருக்கு அத்தகைய திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. ஆற்றுமுகத்தில் இறங்கியவர்கள் காலடிப் பாதைகளை அகலமாக்கிக்கொண்டே போக, வளைந்தும் நெளிந்தும் தெருக்கள் தாமாக அமைந்தன. ஆதிக் குடிகள் ஆற்றின்மேல் இட்டிருந்த பாலம் ஒன்றைக் கண்டமையாலேயே ஊருக்குப் ‘பாலத்து நகர்’ என்று பொருள்படும் இப்பெயர் வந்தது. இவ்வளைந்த தெருக்களும் அவற்றை அண்டிய பழைய படைவீடும் சேர்ந்து 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. பார்ப்பதற்குக் கட்டணமில்லாத மரபுரிமை இது. தெருவுக்கு யார் சீட்டு விற்க முடியும்?

ஆறு கடலோடு சேரும் ஒடுங்கிய நீர்ப்பரப்புக்குக் கரீனேஜ் என்று பெயர். பழைய பாய்க்கப்பல்களை ஒருபுறம் சரித்து, அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியையும் மட்டியையும் சுரண்டித் தார் பூசும் வேலைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லே இவ்விடத்துக்குப் பெயராயிற்று. அதன் தென்கரையில், கப்பலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பழுதுபார்ப்பதற்காக 1889 முதல் 1893 வரை கட்டப்பட்ட திருகாணித் துறை ஒன்று இருக்கின்றது. பெருந் திருகாணிகளைச் சுழற்றி மேடையோடு கப்பலை உயர்த்துவது அதன் முறை. இவ்வகையில் உலகில் எஞ்சியிருப்பது இது ஒன்றே என்பர். துருவேறிய இரும்பாகத் தோன்றும் இதனை விளக்கம் சொல்ல ஆளில்லாமற் பார்ப்பவன் பழைய இரும்புக் குவியல் என்றே கடந்துபோவான்.

பாலத்தின் வடபுறத்தே தேசிய வீரர் சதுக்கம். இதற்கு முன்னர் திராபல்கார் சதுக்கம் என்று பெயர் இருந்தது, 1999இல் மாற்றினார்கள். இங்கே நெல்சன் பிரபுவின் வெண்கலச் சிலை 1813ஆம் ஆண்டிலிருந்து நின்றது. லண்டனிலுள்ள புகழ்பெற்ற நெல்சன் தூணுக்கும் இது முப்பது ஆண்டு மூத்தது. அடிமை வியாபாரத்தை ஆதரித்த ஒருவர் ஏன் எங்கள் நகரின் நடுவில் நிற்க வேண்டும் என்ற கேள்வி பல தசாப்தங்களாக எழுந்து, கடைசியில் 2020ஆம் ஆண்டு கார்த்திகை 16ஆம் திகதி அச்சிலை இறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கார்த்திகை 30ஆம் திகதி பார்படோஸ் பிரித்தானிய முடியைத் துறந்து குடியரசாயிற்று. சதுக்கத்தின் எதிரே பவளக்கல்லால் அமைந்த பாராளுமன்றக் கட்டடங்கள். மேற்குப் பகுதி 1872இலும் கிழக்குப் பகுதி 1874இலும் முடிந்தன. சபையோ 1639ஆம் ஆண்டிலேயே கூடத் தொடங்கியது. அங்குள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் முதலாம் ஜேம்ஸ் தொடங்கி விக்டோரியா வரையுள்ள ஆங்கில மன்னர்களின் உருவங்கள் இருக்கின்றன. முடிமன்னரை ஒழித்த கிரொம்வெல்லின் உருவமும் அவற்றிடையே இருக்கின்றது. நெல்சனை இறக்கிய நாடு இந்தக் கண்ணாடிகளைக் கழற்றவில்லை. இது ஏன் என்று வழிகாட்டியைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை சொல்வார்கள். அவ்விடைகளே கொடுத்த காசுக்குப் போதுமான பயன்.

இங்கிருந்து சில நிமிட நடையில் யூதருடைய ஆலயம் ஒன்று உண்டு. பிரசீல் நாட்டின் ரெசீபே நகரைப் போர்த்துக்கேயர் மீளக் கைப்பற்றியபோது அங்கிருந்து வெளியேறிய யூதர்கள் 1654ஆம் ஆண்டளவில் இதனைக் கட்டினார்கள். கரும்பாலைத் தொழிலை அறிந்தவர்களும் அவர்களில் இருந்தனர். 1831இல் அடித்த சூறாவளியில் ஆலயம் இடிந்து, 1833இல் மீண்டும் எழுந்தது. பின்னர் சமூகம் சுருங்கி, கட்டடம் கைமாறி, 1980களில் இடிபடவிருந்த நிலையில் மீட்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் ஆலய வளவைத் தோண்டியபோது, படிகளோடு கூடிய பழைய சமய நீராட்டுத் தொட்டி ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அதன் அடியில் இன்றும் ஊற்றுநீர் சுரக்கின்றது. இதைப் பார்ப்பதற்குக் கட்டணம் உண்டு. நகரத்தில் ஓரிடத்துக்கேனும் பணம் கொடுத்து உள்ளே போவதானால் இதற்குப் போகலாம் என்பது எனது எண்ணம்.

கட்டணம் என்றதும் வழிகாட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நகரில் நடந்து காட்டும் வழிகாட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கொடுக்கும் கூலி, கப்பலில் விற்கும் ஒரு தனிச்சீட்டின் விலையை நாலைந்து பேர் பகிர்ந்துகொண்டாற்போல ஆகும். ஆகவே நண்பர் சிலர் சேர்ந்து ஒருவரை அமர்த்துவதே சிக்கனம். அதற்காக அவருடைய கூலியையும் பேரம் பேசிக் குறைப்பது சிக்கனமன்று. கப்பல் வராத மாதங்களில் அவருக்கு வேலை குறைவு. கப்பல் வரும் நாளிலோ ஐந்து மணிக்குப் பின் அவரைத் தேடுவார் இல்லை. மேலும், அவர் நமக்குத் தருவது வழி மாத்திரமன்று. பிரிட்ஜ்டவுணில் கண்ணுக்குத் தெரியும் செல்வமெல்லாம் சீனியால் வந்தது. சீனியோ அடிமைகளின் உழைப்பால் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருடைய கரிபியன் துறைகளுள் ஆபிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கிய முதன்மையான துறைகளில் இதுவும் ஒன்று. 1661ஆம் ஆண்டில் இத்தீவு இயற்றிய அடிமைச் சட்டம் மற்றை ஆங்கிலக் குடியேற்றங்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1816இல் பூசா என்பவரின் பெயரோடு வழங்கும் கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டது. 1834இல் அடிமைத்தனம் ஒழிந்தபோது, பிரித்தானிய அரசு தன் ஆட்சியிலிருந்த நாடுகளின் அடிமை உடைமையாளருக்கு 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை.

இவற்றை அழகிய கட்டடங்களின் முன்னால் நின்று, விடுமுறைக்கு வந்த அந்நியரிடம் எடுத்துச் சொல்வது எளிய காரியமன்று. கேட்பவர் முகம் சுளித்தால் கைக்காசு குறையும் என்ற அச்சம் இருக்கலாம். அதனால் சிலர் கடற்கொள்ளையர் கதைகளையும் ‘ரம்’ மதுவின் கதைகளையும் சொல்லிச் சிரிப்பூட்டி முடித்துவிடுகின்றனர். நாம் முதலிலேயே, ‘உங்கள் பாட்டன் பூட்டன் காலத்துக் கதையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டால் நிலைமை மாறும். அடிமை ஒழிப்பின் நினைவாக 1985இல் நகருக்குக் கிழக்கே நிறுவிய சிலையொன்று உண்டு. அறுந்த சங்கிலிகள் தொங்கும் இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் அவ்வுருவத்தை ஊரார் பூசா என்றே அழைக்கின்றனர்.

இனிப் பஸ் வண்டியைப் பற்றி. மலிவான சுற்றுலாவுக்கு இதைப்போன்ற துணை வேறில்லை. தீவெங்கும் ஓடும் பஸ்களில், தூரம் எதுவாயினும் ஒரே கட்டணம். 2019ஆம் ஆண்டில் அதனை 3.50 பார்படோஸ் டொலராக உயர்த்தினார்கள். இரண்டு பார்படோஸ் டொலர் ஒரு அமெரிக்க டொலருக்குச் சமம் என்ற விகிதம் 1975 முதல் நிலைத்திருப்பதால், அது 1.75 அமெரிக்க டொலர் மாத்திரமே. நீல நிறத்தன அரசாங்க பஸ்கள். மஞ்சள் நிறத்தன தனியார் சிறு பஸ்கள். வெள்ளை வான்களை, அவற்றின் இலக்கத் தகட்டிலுள்ள எழுத்துக்களைக் கொண்டு ‘செட்-ஆர்’ என்று அழைக்கின்றனர். வான்களில் நெருக்கமும் உரத்த சங்கீதமும் அதிகம், வேகமும் அதிகம். அரசாங்க பஸ்ஸிற் போவோர் சில்லறையைச் சரியாக எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும், மீதி கிடைக்காது.

வடக்கே ஸ்பைட்ஸ்டவுணுக்கோ கிழக்குக் கரையிலுள்ள பத்சேபாவுக்கோ போகும் பஸ்ஸில் சாளர ஓரத்தில் அமர்ந்தால், வழியெங்கும் சிறு மர வீடுகளைக் காணலாம். கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். வாயில் நடுவிலும் சாளரங்கள் இருபுறமும் ஒத்திருக்கும். வீடு நிலத்தில் ஊன்றாமல் கற்களின் மேல் வைத்தாற்போல் நிற்கும். விடுதலை பெற்ற உழைப்பாளிகளுக்கு நிலம் இருக்கவில்லை. தோட்டத் துரையின் நிலத்திலே குடியிருந்து, அவர் போகச் சொன்னால் வீட்டையே பிரித்து வண்டியிலேற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பலகைகளை எளிதிற் கழற்றத்தக்கதாக வீடு கட்டியதன் காரணம் இதுவே. இன்று அஞ்சலட்டைகளிற் பல வண்ணங்களில் அச்சாகும் இவ்வீடுகளை அழகு என்று மட்டும் பார்த்துவிட்டு வரலாகாது.

நகருக்குத் தெற்கே ஒன்றரை மைல் அளவில் படைவீட்டு மைதானம் இருக்கின்றது. பிரித்தானியப் படைகள் நூறாண்டுக்கு மேலாகத் தங்கிய இடம். இப்போது குதிரைப் பந்தயம் நடைபெறுகின்றது. அருகேயுள்ள வீடொன்றில் 1751ஆம் ஆண்டில் 19 வயது இளைஞனான ஜோர்ஜ் வாஷிங்டன், காசநோயுற்ற தமையனுடன் வந்து தங்கினார். அவர் கடல்கடந்து சென்ற ஒரே பிரயாணம் இதுவாகும். தமையனுக்குச் சுகம் கிடைக்கவில்லை. தம்பிக்கோ வைசூரி கண்டு தப்பியது. பின்னாளில் அமெரிக்கப் போரின்போது படையினரை அந்நோய் வாரிக்கொண்டு போகையில், தளபதிக்கு அது அணுகாமைக்குக் காரணம் இத்தீவில் வந்த நோயே.

நமது நேயர்கள் தவறவிடக்கூடாத இடம் ஒன்றுண்டு. துறைமுகத்திலிருந்து நடந்தே அடையக்கூடிய தூரத்தில், கென்சிங்டன் ஓவல் கிரிக்கெட் மைதானம் இருக்கின்றது. மேற்கிந்திய தீவுகளின் முதலாவது உள்நாட்டு டெஸ்ட் போட்டி 1930ஆம் ஆண்டு தை மாதத்தில் நடந்தது இங்கேதான். வொரல், வீக்ஸ், வோல்கொட் ஆகிய மூவரும் 18 மாத இடைவெளிக்குள் இந்நகரின் சுற்றுப்புறத்திலே பிறந்தவர்கள். இலங்கை அணிக்கு 1980களின் தொடக்கத்திற் சிலகாலம் பயிற்சியாளராயிருந்த சேர் கார்பீல்ட் சோபர்ஸும் இந்த ஊரவரே. அவருடைய சிலை மைதானத்துக்கு வெளியே நிற்கின்றது. 2007ஆம் ஆண்டு சித்திரை 28ஆம் திகதி உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அவுஸ்திரேலியாவைச் சந்தித்ததும் இங்கேயே. மழையால் 38 ஓவர்களாகக் குறைந்த ஆட்டத்தில் கில்கிறிஸ்ட் 104 பந்துகளில் 149 ஓட்டங்கள் அடித்தார். ஜயசூரியவும் சங்கக்காரவும் அரைச்சதம் கடந்தும் நாம் 53 ஓட்டங்களால் தோற்றோம். கடைசிப் பந்துகள் ஏறக்குறைய இருளிலே வீசப்பட்டன. அந்நாள் பார்படோஸில் தேசிய வீரர் தினம். மைதானத்தைச் சுற்றி நடக்கும் இலங்கையனுக்கு அவ்விருள் நினைவுக்கு வராமற் போகாது.

பசி தீர்ப்பதற்கு உல்லாச விடுதிகளைத் தேட வேண்டியதில்லை. சோள மாவும் வெண்டிக்காயும் சேர்த்துக் கிண்டிய ‘குகூ’ என்ற களியும் பறவை மீனும் தேசிய உணவு. சந்தையோரக் கடைகளில் அதனை நியாயமான விலைக்கு உண்ணலாம். நமது ஈரப்பலாக்காயும் அங்கே நித்திய உணவு. பசிபிக் தீவுகளிலிருந்து கப்பற் தலைவர் பிளை என்பவர் 1793ஆம் ஆண்டில் மேற்கிந்திய தீவுகளுக்கு அதன் கன்றுகளைக் கொண்டுவந்தார்; அடிமைகளுக்கு மலிவான உணவு வேண்டும் என்பதே நோக்கம். கடற்குளிப்பும் செலவற்றது. தீவிலுள்ள கடற்கரைகள் யாவும் பொதுமக்களுக்குரியவை. நகரிலிருந்து நடந்து செல்லும் கார்லைல் குடாவில் தெளிந்த அலையற்ற நீர் கிடக்கின்றது. சாய்வு நாற்காலி வேண்டுமென்றால் மாத்திரம் வாடகை.

சில எச்சரிக்கைகள் உள. வாடகைக் கார்களுக்கு அங்கே மீற்றர் இல்லை. அரசு குறித்த கட்டணமே உண்டு. ஏறுமுன் தொகையைக் கேட்பதோடு, அது எந்த டொலர் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேளாதவன் ஒன்றுக்கு இரண்டு கொடுப்பான். படைவீரரின் புள்ளியுடுப்பைப் போன்ற துணிகளைப் பொதுமக்கள் அணிவது அங்கே குற்றம். குழந்தையின் சட்டைக்கும் விலக்கில்லை. கப்பலின் கடிகாரமும் தீவின் கடிகாரமும் சில வேளைகளில் ஒத்திருப்பதில்லையாதலால், இறங்கும்போதே இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

தொலைவிடம் சென்றவர்கள் திரும்புவதற்கு ஒரு பஸ்ஸைத் தவறவிட்டாலும் அடுத்ததிலே வந்து சேரத்தக்கதாக நேரம் வைத்துக்கொள்ளட்டும். வழி தெரியாது என்ற பயம் வேண்டாம். தீவின் பஸ் தரிப்பிடங்களில் உள்ள பலகைகளில் எழுதியிருப்பது இரண்டே வகை: ஒன்று ‘நகருக்கு’, மற்றது ‘நகருக்கு வெளியே’. ‘நகருக்கு’ என்ற பலகையின் கீழ் நின்று, வரும் பஸ்ஸுக்குக் கை காட்டினால் போதும்.